மார்பு வலியும் மறைக்கும் வழக்கமும்
(ஆவடியில் தாய்மார்கள் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேசவந்த விஷயம் மார்புப் புற்றுநோய். பெயரைச் சொன்னவுடனேயே இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தோம். கையில் கட்டி வந்தால் நாலு பேரிடம் காட்டுகிறோம். மார்பில் வந்தால் மாத்திரம் புருஷனிடம்கூடச் சொல்லாமல் ஆறு மாதம் முந்தானைக்குள் மறைத்து வைக்கிறோம். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான். இதை மேடையில் பேசுவது ஆபாசமென்றால், பேசாமல் சாவதுதான் கௌரவமா என்று கேட்கிறோம்.

நிற்க, வைத்தியம் ஆரம்பித்த பிறகு வருகிற ஒரு கஷ்டத்தைப் பற்றியே முக்கியமாகச் சொல்ல வந்தோம். கீமோ மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் நாட்களில் சிலருக்கு அந்த மார்பிலேயே குத்தும், எரியும், சுரீரென்று இழுக்கும். டாக்டர் தொட்டுப் பார்த்து, படமும் எடுத்துவிட்டு, "காரணம் தெளிவாகத் தெரியவில்லை" என்கிறார். அம்மாள் மின்சார ரயிலேறி ஆவடிக்குத் திரும்புவதற்குள் வீட்டில் காரணம் தயாராயிருக்கிறது. திருஷ்டி என்கிறாள் அத்தை. பூர்வ கர்மம் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். சோசியரோ கிரகத்தின் பெயரையும் பரிகாரச் செலவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார். அவர் வாயிலிருந்து 'தெரியவில்லை' என்ற சொல் என்றைக்காவது வந்ததுண்டா? தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை நம்பாமல், எல்லாம் தெரிந்தவரை நம்பி, நமக்குத் தெரிந்த ஓர் அம்மாள் மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிட்டார். பிறகு அவரைக் கெஞ்சித் திரும்ப அழைத்துப்போனோம். விசாரித்ததில், வெள்ளையணு ஏறுவதற்காகப் போட்ட ஊசிக்கு அடுத்த நாட்களில்தான் வலி வந்திருக்கிறது. அந்த ஊசி எலும்பில் வலி கொடுக்கும்; நெஞ்செலும்பில் வந்தால் மார்பே வலிப்பதுபோல் இருக்கும். கிரகம் ஒன்றும் செய்யவில்லை.

இதைப்போல் இன்னும் பல உண்டு. அறுவை முடிந்தவர்களுக்கு அக்குள் வழியாகப் போகும் நரம்பு அறுபட்டோ இழுபட்டோ இருந்தால், மரத்தலும் எரிச்சலும் மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நிற்கும். பாக்ளிடாக்சல் என்னும் மருந்து ஏற்றிய இரண்டொரு நாளில் தசையும் மூட்டும் வலிக்கும். ஆனால் வலி வந்ததாலேயே நோய் வளர்கிறது என்று பயந்துவிடக்கூடாது. வலியில்லாததால் நோயில்லை என்று இருந்துவிடவும் கூடாது. மார்புக் கட்டி பெரும்பாலும் வலிக்காமலேதான் வருகிறது.

ஆகையால் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மருந்தேற்றி எத்தனையாவது நாள், எந்த இடம், குத்தலா எரிச்சலா, எவ்வளவு நேரம், எதனால் தணிந்தது என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். "வலிக்குதுங்க" என்று மட்டும் சொன்னால் டாக்டருக்கு விளங்காதது அந்த நோட்டைப் பார்த்தால் விளங்கக்கூடும். நரம்பு வலிக்கு வேறு மாத்திரை உண்டு. வலிக்கென்றே தனி வைத்தியர்களும் இருக்கிறார்கள். கம்பியில்லாத தளர்ந்த பருத்தி உள்ளாடையும், படுக்கும்போது கைக்கு அடியில் ஒரு தலையணையும் கொஞ்சம் சுகம் தரும். மரத்த தோலில் சுடுநீர்ப் பை வைக்காதீர்கள், வெந்தாலும் தெரியாது. பச்சிலைப் பற்று வேண்டாம். மருந்துக்கடையில் தானாக வலிமாத்திரை வாங்குவதும் வேண்டாம். கீமோ காலத்தில் சில மாத்திரைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும், சில காய்ச்சலை மறைத்துவிடும்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், மார்பு சிவந்து வீங்கினாலும், கை வீங்கினாலும், நெஞ்சடைத்து மூச்சு வாங்கினாலும், நோட்டும் வேண்டாம், விடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய், கீமோ ஏற்றிக்கொள்வதை முதலில் சொல்லுங்கள்.

உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அழுதுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரக் காரணமாயிருந்தார். நாம் உங்களிடம் ஆஸ்பத்திரி கட்டச் சொல்லவில்லை. இருக்கிற ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்து பேசச் சொல்லுகிறோம்.

புருஷர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்தேற்றும் நாளில் கூடப் போங்கள். அன்றைக்கு உலை வைப்பது உங்கள் வேலை.

இனி, கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம். எழுந்து கேட்கக் கூச்சப்படும் தாய்மார்கள், பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் அனுப்பிவிடுங்கள்.