டேப்பட்டா, வேறு ஏதாவதா?

காலையில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். என்ஜின் ஓட்டத்தோடு சேர்ந்து 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். நேற்றுவரை இல்லாதது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே, "டேப்பட் அடிக்குது சார், செட் பண்ணிடலாம்" என்பார்கள். டேப்பட் என்பது வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம். அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நின்று கேட்காமல் ஸ்பேனரை எடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் ஆயிலைப் பாருங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் இருக்க வேண்டும். மிகவும் குறைந்துவிட்டால் மேலே இருக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கும் வால்வுகளுக்கும் ஆயில் சரியாக ஏறாது. உலோகத்தோடு உலோகம் தட்டும். என்ஜின் ஓடும்போதே சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். வண்டியை ஓரம் கட்டி உடனே அணைத்துவிடுங்கள்.

ஆயில் சரியாக இருக்கிறது, சத்தமும் இருக்கிறது. இப்போது தாளத்தைக் கவனிக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், ஒரு வால்வு 400 தடவை திறந்து மூடும். நொடிக்கு ஆறேழு முறை. ஒரே ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் அந்த வேகத்தில்தான் தட்டும். டிஸ்ட்ரிப்யூட்டர் உள்ள பழைய பெட்ரோல் காராக இருந்தால், டைமிங் லைட்டை ஒரு பிளக் வயரில் மாட்டுங்கள். அந்த விளக்கும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மின்னும். மின்னலும் சத்தமும் சேர்ந்தே வந்தால், வால்வு பக்கம் சந்தேகப்படலாம்.

சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஏனென்றால் இதே தாளத்தில் தட்டும் இன்னொரு ஆள் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாருதி 800, மூன்று சிலிண்டர் வண்டி. டேப்பட்டை செட் செய்தார்கள். கெட்டியான ஆயில் மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. ஒரு மூத்த மெக்கானிக் வந்து ஒரே கேள்வி கேட்டார்: "சூடானதும் குறையுதா?" குறைந்தது. மேம்பாலம் ஏறும்போது கூடியது. ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறு முனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரமாக மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் நின்றார். அங்கே கேஸ்கெட்டை ஒட்டிக் கரும் புகைக்கறை. எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்த சிறு இடுக்கு வழியே புகை பீறிட்டு, சுத்தியல் தட்டுவதுபோல் கேட்டிருக்கிறது. சூடேறி இரும்பு விரிந்ததும் இடுக்கு அடைபட்டுவிடும், சத்தமும் அடங்கிவிடும். டேப்பட் பாவம், எந்தத் தப்பும் செய்யவில்லை.

அதனால்தான் டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது ஆபத்து என்கிறேன். இப்படி செட் செய்யும் டேப்பட்டில், வால்வுக்கு மேல் ஒரு சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால், சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு கருகிப்போகும். லேசாகத் தட்டும் டேப்பட்டோடு ஓட்டலாம். கருகிய வால்வோடு ஓட்ட முடியாது.

மற்ற சத்தங்களையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜெக்டர்கள் சீராக 'டிக் டிக்' என்பது இயல்பு. வண்டியை அணைத்த பிறகு சைலன்சர் பக்கம் கேட்பது ஆறும் உலோகத்தின் சத்தம்; கவலை வேண்டாம். அடியிலிருந்து கனமாக 'டொக் டொக்' என்று வந்து, பாரம் இழுக்கும்போது கூடினால், அது பேரிங்காக இருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள்.

வீட்டில் கேட்டுப் பார்க்கிறவர்கள் துப்பட்டா, முந்தானை, தொங்கும் சட்டைக் கை எல்லாவற்றையும் செருகிக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும்.

சத்தம் குளிர்ந்த என்ஜினில்தான் வருகிறது என்றால், முந்தின மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள். காலையில் மெக்கானிக்கே முதல் ஸ்டார்ட் எடுத்துக் கேட்கட்டும்.