மூலிகைப் பொடியும் அரைக்கும் பக்குவமும்

(ஐக்கிய சங்கப் பொதுச் சபைக் கூட்டத்தில் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



முருங்கையிலை, நெல்லிவற்றல், சுக்கு முதலியவற்றை அங்கத்தினர்களிடமிருந்து வாங்கி, யந்திரத்தில் மாவைப்போல் அரைத்து, பொட்டலம் கட்டி விற்கலாமென்று உங்கள் பஞ்சாயத்தார் யோசித்து வருகிறார்கள். நல்ல யோசனையே. ஆனால், “எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு சத்து” என்று சிலர் சொல்லக் கேட்டேன். அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் பணம் போட்டால் சங்கத்துக்கு நஷ்டம் வரும். ஆகையால் இரண்டையும் சொல்லுகிறேன்.

முதலில் நன்மையைப் பார்ப்போம். ஓர் அங்குல நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு கட்டிக்கு ஆறு முகங்கள் உண்டு. அவற்றின் மொத்தப் பரப்பு 6 சதுர அங்குலம். அதையே அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துண்டுகளாக அறுத்தால் 1,000 துண்டுகளாகும். பரப்பு 60 சதுர அங்குலமாகும். நூற்றில் ஒரு பங்கு அளவாக்கினால் 600 சதுர அங்குலம். நிறை ஒன்றுதான், பரப்போ நூறு மடங்காகிறது. மேலும், தாவரத்தின் சத்துக்கள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கின்றன. அவ்வறைகளின் நார்ச்சுவர் நம்முடைய வயிற்றில் எளிதில் கரைவதில்லை. அரைக்கும்போது அச்சுவர் உடைவதால் ஜீரண நீர் உட்சென்று சத்தை எடுத்துக்கொள்ளுகிறது.

ஆயினும் அரைப்பதனால் புதிய சத்து ஒன்றும் உண்டாகிவிடாது. முருங்கையிலையிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் அரைப்பதால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் சலித்தபின் நிற்கும் திப்பியை எறிந்துவிட்டால், அதிலுள்ள நாரும் சத்தும் உடன் போய்விடும். திப்பியை மறுபடியும் இடித்துச் சேர்ப்பதே முறை.

இனித் தீமையைக் கேளுங்கள். ஜீரண நீருக்குத் திறக்கும் அதே வாசல் காற்றுக்கும், ஈரத்துக்கும், வெளிச்சத்துக்கும் திறந்துவிடுகிறது. யந்திரத்திலிருந்து விழும் பொடியைக் கையில் ஏந்திப் பாருங்கள், சுடும். சுக்கு, ஓமம், மிளகு இவற்றின் மணம் ஆவியாகிப் போகக்கூடிய எண்ணெயில் இருக்கிறது. அரைக்கும்போது மில்லெங்கும் மணக்கிறதே, அந்த மணம் நம்முடைய பொட்டலத்தில் இல்லாத மணம். நெல்லியிலுள்ள ‘ஸி’ ஜீவசத்து சூட்டாலும் காற்றாலும் கெடும். இரும்போ செம்போ பட்டால் இன்னும் விரைவில் கெடும். இரும்புரலில் இடித்த நெல்லி கறுத்துப்போவதை நீங்களே கண்டிருப்பீர்கள். முருங்கையிலையிலுள்ள ‘ஏ’ ஜீவசத்துக்கு மூலமான பொருள் வெயிலாலும் காற்றாலும் குறையும்.

நான் தணிக்கை செய்த ஒரு சங்கத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். புரட்டாசியில் இரண்டு மூட்டை நெல்லிவற்றலை ஒரே நாளில் அரைத்துச் சாக்கில் கட்டி வைத்தார்கள். ஐப்பசி மழை வந்தது. பொடி ஈரத்தை உறிஞ்சிக் கல்லாக இறுகி, நிறமும் மாறிற்று. கணக்கில் சரக்கு இருந்தது, விற்க ஒன்றுமில்லை. பக்கத்து அறையில் அரைக்காமல் கிடந்த வற்றலோ நன்றாகவே இருந்தது.

நம்முடைய பெரியோர்கள் இதை அறியாதவர்களல்லர். சூரணத்தை வஸ்திரகாயம் செய்யச் சொன்ன சித்த வைத்திய முறையே அதற்கு மூன்று மாத ஆயுள்தான் விதித்திருக்கிறது. குடிநீருக்கு வேண்டிய சரக்கை ஒன்றிரண்டாக இடித்தாற் போதுமென்றும் வைத்தார்கள். அதை மாவாக்கினால் பாத்திரத்தின் அடியில் தங்கிக் கரியும், வடிகட்டவும் வராது.

ஆகவே நான் சொல்வது இதுதான். சரக்கை நிழலில் நன்றாக உலர்த்தி, முழுதாகவே இருப்பு வையுங்கள். நெல்லியின் கொட்டையை உலர்த்துமுன் நீக்கிவிடுங்கள். ஒரு வாரத்து விற்பனைக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். யந்திரத்தை விட்டுவிட்டு ஓட்டிச் சூடேறாமல் பாருங்கள். நெல்லிக்குக் கல்லுரலே நல்லது. பொடி ஆறியபின், காற்றும் வெளிச்சமும் புகாத டப்பாவில் அடையுங்கள். அரைத்த தேதியை மேலே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. முழுச் சரக்கில் கலப்பைக் கண் கண்டுபிடிக்கும். நைசான பொடியில் கண்டுபிடிக்க முடியாது. வாங்குகிறவர் சங்கத்தின் பெயரை நம்பித்தான் வாங்குகிறார். ஆகையால் சரக்கு வாங்கும்போதும் அரைக்கும்போதும் பஞ்சாயத்தாரில் ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டுமென்று இன்றே தீர்மானம் செய்துகொள்ளுங்கள். யந்திரம் வாங்கும் விஷயத்தை அதற்குப்பின் யோசிக்கலாம்.