கதவு திறந்தால் நிற்கும் ரயில்

லெவல் கிராஸிங்கில் கதவு மூடினால், ரயிலுக்காக நாம் காத்திருக்கிறோம் என்றே எண்ணுகிறோம். புறநகர்ப் பாதைகளில் இது பாதி உண்மைதான்.

மும்பையை அடுத்து, தாணாவுக்கும் கல்யாணுக்கும் இடையே தீவா சந்திப்பு இருக்கிறது. அவ்விடத்து லெவல் கிராஸிங் நெடுங்காலம் பயணிகளின் வசைக்கு இலக்காயிருந்தது. சில நிமிஷங்களுக்கு ஒன்றாக மின்சார ரயில்கள் ஓடும் பாதையில் கதவைத் திறக்க நேரம் வாய்ப்பது அரிது. திறந்ததை மூடுவது அதனினும் அரிது. கதவும் கைகாட்டியும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. கதவு மூடிப் பூட்டப்பட்டாலன்றிக் கைகாட்டி வழிவிடாது. கடைசி ஆட்டோ ரிக்ஷா ஒன்று மூக்கை நுழைத்து நின்றுவிட்டால், ஆயிரக்கணக்கானோரைச் சுமந்த ரயில் சிவப்பு விளக்கின்முன் நிற்கிறது. அதன் பின்னே அடுத்த ரயில்.

கதவு மூடியிருக்கையில் நாம் என் செய்கிறோம்? இடப்புறம் நிற்க வேண்டியவர்கள், காலியாயிருக்கும் வலப்புறத்தையும் அடைத்துக்கொள்கிறோம். எதிர்ப்புறத்தாரும் அவ்வாறே. கதவு திறந்ததும் இரு கூட்டமும் தண்டவாளத்தின்மீதே முட்டிக்கொள்கின்றன. பொறுமையிழந்து, சைக்கிளைச் சாய்த்துக் கதவின்கீழ் நுழைவோரும் உளர். ஒரு ரயில் கடந்ததும் கால் வைப்பவர், அது மறைத்திருந்த மற்றொன்றைக் காண்பதில்லை.

மேம்பாலமே பரிகாரம் என்பதில் ஐயமில்லை. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்க, 1 லட்சம் வந்தால் பாலத்துக்குத் தகுதி என்பது ரயில்வேயின் நெடுநாளைய கணக்கு. துன்பம் முற்றினால்தான் தகுதி! தகுதி கிடைத்தபின்னும் அணுகுசாலைக்கு நிலம் வேண்டும். கடைகளும் வீடுகளும் அகல வேண்டும். தண்டவாளத்தின்மேல் பாலம் எழும்பியும், இருபுறமும் சாலையின்றி அந்தரத்தில் நிற்கும் காட்சியை நம் பயணங்களில் கண்டிருக்கிறோம். அதன் நிழலிலேயே பழைய கதவு மூடுகிறது, திறக்கிறது.