அக்கா அனுப்பிய டொலர்



"நாட்டின் பொருளாதார வளர்ச்சி" என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். நான் செங்கலடிப் பக்கத்து அக்கா ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். அவைத்தலைவர் மணி அடித்தாலும் அதைத்தான் பேசுவேன்!

எங்கள் மட்டக்களப்பிலே மகளுக்குச் சீதனம் என்றால் வீடு. அந்த வீட்டுக்காக அக்கா குவைத்துக்குப் போனா. முதல் காசில் அடகுத் தோடு மீண்டது. அடுத்ததில் அத்திவாரம். இன்று வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. யன்னலுக்கு உரப்பை கட்டியிருக்கிறது. அந்தக் காசில் சீமெந்துக் கடைக்காரர் பிழைத்தார், மேசன் பிழைத்தார், டியூட்டரி வாத்தியார் பிழைத்தார். அந்த வாத்தியார் நான்தான்! கைதட்டுங்கள், எனக்கல்ல, அக்காவுக்கு!

2020இல் இப்படி வெளிநாடு போனவர்களெல்லாம் சேர்ந்து அனுப்பியது 7 பில்லியன் டொலர். தேயிலை கொண்டுவந்ததைப்போல ஐந்து மடங்கு! தேயிலைக்குச் சபை இருக்கிறது, பெட்டியிலே சிங்கம் இருக்கிறது. அக்காவுக்கு 'நாட்டின் வீரர்' என்று பட்டம் இருக்கிறது. பட்டத்தை அரைத்துக் கறிக்குப் போடலாமா?

கொழும்பிலே சில கெட்டிக்காரர்கள் டொலரை 200 ரூபாவில் ஆணி அடித்து வைத்தார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுடைய ஆட்கள் முன்வரிசையிலே இருக்கிறார்கள்! வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரர் முப்பது நாற்பது ரூபா கூடத் தந்தார். அக்கா எதிலே அனுப்புவா? நீங்கள் என்றால் எதிலே? 2022இல் வங்கி வழியாக வந்தது 4 பில்லியனுக்கும் குறைவு. அந்த ஏப்ரலில் கடன் கட்ட முடியாதென்று நாடே கையை விரித்தது. காஸ் சிலிண்டருக்கு வீதியிலே படுத்துக் கிடந்தோமே, மறந்துபோச்சா? ரூபாவை அவிழ்த்துவிட்ட பிறகு, 2023இல் அதே அக்காமார் 6 பில்லியன் அளவுக்கு அனுப்பினார்கள். கெட்டது யார் புத்தி?

இன்னொன்று கேளுங்கள். 2013இலே ஒரு விதி: ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடாது. தாய்ப்பாசமாம்! 2022இல் கஜானா காலி. உடனே ஐந்து வயது இரண்டு வயதாயிற்று. டொலர் வற்றினால் தாய்ப்பாசமும் வற்றுமா, ஐயா?

வளர்ச்சி எங்கே என்று கேட்கிறீர்கள். கடை வளர்ந்தது, வீடு வளர்ந்தது. திரும்பி வருகிற அக்காமாருக்கு ஊரிலே ஒரு வேலை வளர்ந்ததா? இல்லை. அதனால்தான் இப்போது மகளும் பாஸ்போர்ட் எடுக்கிறாள். வந்த காசைத் தின்றுதீர்த்த அரசுகள் தொழிற்சாலை ஒன்றை இந்த மண்ணில் நட்டிருந்தால், அந்தப் பிள்ளை இன்று இந்த மண்டபத்திலே இருந்திருப்பாள்.

2024 ஜனாதிபதித் தேர்தலன்று அக்கா குவைத்திலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தா. காசு அனுப்ப வழியுண்டு. வாக்கு அனுப்ப வழியில்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் படலையைத் திறந்துகொண்டு வருகிறவரைக் கதிரை போட்டு இருத்துங்கள். தேத்தண்ணியும் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: அவட டொலர் உங்களுக்கு வேணும் எண்டால், அவட வாக்கு எங்கே?