அரிசிக்கு ரப்பர்: ஒரு சிறிய நாட்டின் முடிவு

(பூந்தமல்லியில் சமூக அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

வல்லரசுகளின் நெருக்கடியைச் சிறிய நாடுகள் எப்படிச் சமாளிக்கின்றன? இதைக் கற்பிக்கப் பக்கத்திலுள்ள இலங்கையே போதும்.

1952இல் இலங்கையில் அரிசித் தட்டுப்பாடு. அரிசி விலை ஏறியது. அவர்கள் விற்ற ரப்பரின் விலை இறங்கியது. சீனாவுக்கு ரப்பர் விற்கக் கூடாது என்றது அமெரிக்கா. டட்லி சேனநாயக்கவின் அரசு கம்யூனிசத்தை எதிர்த்த அரசுதான். ஆனாலும் அந்த டிசம்பரில் சீனாவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 50,000 டன் ரப்பருக்கு 2,70,000 டன் அரிசி. ரப்பருக்குச் சந்தையைவிடக் கூடுதல் விலையும் கிடைத்தது. அமெரிக்க உதவி கிடைக்காமல் போனது. மக்களுக்குச் சோறு கிடைத்தது.

2022இல் நிலைமை வேறு. தேயிலையும் ஆயத்த ஆடையும் ஈட்டிய டாலர், இறக்குமதிக்கும் கடனுக்கும் போதவில்லை. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே இலங்கை நிறுத்தியது. இந்தியா, சீனா, பன்னாட்டு நிதியம் என எல்லோரிடமும் உதவி கேட்க வேண்டியதாயிற்று. மே மாதம் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அரிசி, பால் பவுடர், மருந்து சென்றன.

1952இல் சீனா தேடிய பொருள் இலங்கையிடம் இருந்தது. அதனால் பேரம் பேச முடிந்தது. கடன் கழுத்தை நெரிக்கும்போது அந்த வலு குறைந்துவிடுகிறது.

அணிசேராமைப் பாடத்தில் வரையறையை எழுதிப்போடும் முன் இப்படிக் கேளுங்கள்: “நீங்கள்தான் இலங்கைப் பிரதமர். சீன அரிசியா, அமெரிக்க உதவியா?” குழுவாக விவாதிக்கட்டும். ரேஷன் கடை வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.