மேல்முறையீட்டில் தோற்கும் வழக்கு காவல் நிலையத்திலேயே தோற்றுவிடுகிறது

(திருவாடானையில் நடந்த சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொண்டியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விசயத்துக்கு வருகிறேன்.

வன்கொடுமை வழக்கில் தண்டனை கிடைத்தால் போராட்டம் முடிந்தது என்று நினைக்கிறோம். மேல்முறையீட்டில் அது உடைந்தால் ‘நமக்கு வாய்த்தது இவ்வளவுதான்’ என்று வீட்டுக்குப் போகிறோம். அந்தத் தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். அடித்தது பொய் என்று பல தீர்ப்புகள் சொல்வதில்லை. விசாரித்தவருக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை, சாதிச் சான்று தாக்கல் செய்யவில்லை என்றுதான் சொல்கின்றன.

1995ஆம் ஆண்டு விதிகளில் 7ஆவது விதி, இவ்வழக்கை டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சுன்னிலால் வழக்கில் அதற்குக் கீழான அதிகாரி விசாரித்தார். 2009இல் உச்சநீதிமன்றம், வன்கொடுமைச் சட்டப் பிரிவுகளுக்கு அந்த விசாரணை செல்லாது, இந்திய தண்டனைச் சட்டக் குற்றங்களுக்கு வழக்கு தொடரலாம் என்றது. அடிதடி மிஞ்சியது, சாதி காணாமல் போனது. தவறு செய்தது காவல்துறை; இழந்தது அடிபட்டவர்.

எல்லாக் குறையும் வழக்கைக் கொன்றுவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடைமுறைப் பிழையால் உண்மையிலேயே நீதி தவறியிருந்தால் மட்டுமே தீர்ப்பை மாற்றலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465ஆவது பிரிவு சொன்னது. புதிய சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. இதை எடுத்து வாதாட அரசு வழக்கறிஞர் அக்கறை காட்ட வேண்டும். அக்கறை இல்லாதபோது என்ன செய்வது?

கோகுல்ராஜ் கொலை வழக்கைப் பாருங்கள். 2015இல் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். அந்தத் தாய் சும்மா இருக்கவில்லை. அரசு வழக்கறிஞரை மாற்றக் கேட்டார், வழக்கறிஞர் ப.பா.மோகன் வந்தார். வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. 2022இல் தண்டனை, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2023 ஜூனில் உயர்நீதிமன்றம் உறுதி செய்தது. சாட்சி பிறழ்ந்தும் வழக்கு நின்றது. காரணம், கோயில் கேமரா பதிவு உள்ளிட்ட ஆதாரங்களை முறையாகக் கட்டியிருந்தார்கள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். வழக்குப் பதிவான முதல் வாரத்திலேயே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். இலவசமாகத் தர வேண்டும். விசாரிப்பவர் யார், என்ன பதவி, அவரை நியமித்த உத்தரவு எங்கே என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அடிபட்டவரின் சாதிச் சான்றைக் கொடுங்கள். எதிரி பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லர் என்பதும் பதிவாக வேண்டும். அரசு வழக்கறிஞர் மீது நம்பிக்கை இல்லையென்றால் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்த 4ஆவது விதி இடம் தருகிறது. 2016 ஜனவரி 26 முதல் 15ஏ பிரிவின்படி பிணை விசாரணையிலும் நம் குரல் கேட்கப்பட வேண்டும். விடுதலைத் தீர்ப்பு வந்தால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள்.

டி.எஸ்.பி. அலுவலகம் தூரமில்லை, தோழர்களே. அடிவாங்கிய மறுநாளே மனுவோடு அங்கே போனால், பத்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் நம் கை வெறுங்கையாக இருக்காது.

ஜெய்பீம்!