ஒரே கூட்டரசு, ஊருக்கு ஊர் வேறு கூலி
(சாலாக் செலாத்தான் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூட்டரசு என்றால் என்ன, மாநிலம் என்றால் என்ன என்று பேசும்படி பணித்திருக்கிறார்கள். பால் வெட்டுகிறவருக்கும் செக்ரோல் எழுதுகிற கிராணிக்கும் இந்தப் பேச்சு எதற்கு என்று பின்வரிசையில் சிலர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது. கூலியையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று 2013 ஜனவரியில்தான் நடப்புக்கு வந்தது. மேற்கு மலேசியாவில் மாதம் 900 வெள்ளி; சபா, சரவாக், லாபுவானில் 800 வெள்ளி. கொடி ஒன்று, நாடாளுமன்றம் ஒன்று. ஆனால் கடலைத் தாண்டியதும் தொழிலாளியின் வயிறு மட்டும் 100 வெள்ளி சுருங்கிவிடுமாம்! 2016 ஜூலையில் 1,000 என்றும் 920 என்றும் உயர்த்தினார்கள். 2019 ஜனவரியில்தான் எல்லாருக்கும் 1,100 என்று ஒன்றாயிற்று. அந்த ஒற்றுமைக்கு ஆயுள் ஓராண்டுதான். 2020 பிப்ரவரியில் மாநகர், நகராண்மைக் கழகங்களின் எல்லைக்குள் இருந்த 56 நகரங்களில் 1,200. மற்ற இடங்களில் பழைய 1,100.

இந்த முறை கோடு கடலில் போடப்படவில்லை, தரையில் போடப்பட்டது. தோட்டங்கள் எங்கே இருக்கின்றன தோழர்களே? பெரும்பாலும் மாவட்ட மன்ற எல்லையில் அல்லவா? ஒரே சிலாங்கூரில் கிள்ளான் தொழிலாளிக்கு ஒரு கூலி, சபாக் பெர்ணம் தொழிலாளிக்கு 100 வெள்ளி குறைந்த கூலி! பட்டணத்திலிருந்து லோரி ஏறி வந்த மாவும் பருப்பும் தோட்டக் கடையில் பட்டணத்தைவிட மலிவாகக் கிடைத்ததாக எந்தத் தாயாவது சொல்லட்டும், நாம் பேச்சை நிறுத்திக்கொள்கிறோம். 2022 மே மாதம் 1,500 வந்தபோதுதான் அந்தக் கோடு அழியத் தொடங்கியது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருந்தவர்களுக்கு 2023 ஜூலை வரை தவணை கொடுத்தார்கள். 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி.

"கிளந்தானில் செலவு குறைவு, கோலாலம்பூரில் செலவு அதிகம், ஆகவே கூலியும் வேறுபடத்தானே வேண்டும்?" என்று முதலாளிமார் கேட்கிறார்கள். இதை வெறுங்கூச்சலால் ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டு வாடகையைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது உண்மை. 2022 ஆம் ஆண்டு அரசாங்கக் கணக்குப்படி, குடும்பங்களையெல்லாம் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் மாத வருமானம் கோலாலம்பூரில் 10,234 வெள்ளி, சிலாங்கூரில் 9,983, நாடு முழுமைக்கும் 6,338, கிளந்தானில் 3,614. பத்தாயிரம் வெள்ளியைக் கண்ட குடும்பத்தார் இந்தக் கூட்டத்தில் இருந்தால் கை தூக்குங்கள்! சிரிக்கிறீர்கள். கணவனும் மனைவியும் இருவருமே குறைந்தபட்சச் சம்பளத்தில் உழைத்தால் இன்று சேர்வது 3,400 வெள்ளி. சிலாங்கூர்த் தோட்டத்தில் இருவர் உழைக்கும் வீடு, கிளந்தானின் நடுக் குடும்பம் 2022 இல் பெற்றதைக்கூட எட்டவில்லை. ஆகவே மாநிலத்தின் செல்வம் வேறு, அதில் உழைப்பவன் மடியில் விழுவது வேறு. குறைந்தபட்சச் சம்பளம் என்பது தரை. அதை எந்த ஊரிலும் தோண்டக் கூடாது. வாடகை ஏறிய ஊரில் தரைக்கு மேலே எவ்வளவு என்பதைச் சங்கம் பேசி வாங்க வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. ஈயம் மேற்குக் கரையில் கிடைத்தது. 1885 இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு இரயில் ஓடியது. அடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் பாதை திறந்தார்கள். ஈயத்துக்குப் போட்ட தண்டவாளத்தின் ஓரத்திலேயே பால்மரம் வந்தது. பால்மரத்தின் பின்னே நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்தார்கள். தும்பாட் வரையிலான கிழக்கு இரயில் பாதை முடிந்ததோ 1931 இல். அதற்குள் ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்தது. நம்மவர் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர், கெடா என்று பெருகியதும், கிளந்தான், திரெங்கானுவில் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பதும் இதனால்தான். 1957 இல் மலாயா மக்களில் நூற்றுக்குப் பதினொருவர் இந்தியர். 2020 கணக்கில் மலேசியக் குடிமக்களில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை.

சபா, சரவாக் தொழிலாளரை மறந்துவிட்டுப் பேசுவது நமக்கு அழகல்ல. நாட்டின் செம்பனை நிலத்தில் பாதிக்கும் மேல் அந்த இரண்டு மாநிலங்களில் இருக்கிறது. 2022 இல் நாட்டில் வறுமையில் இருந்த குடும்பங்கள் நூற்றுக்கு ஆறு. சபாவில் ஏறக்குறைய இருபது. தொழிலாளர் சட்டமும் அங்கே வேறு. வாரத்துக்கு 45 மணி நேர வேலை, 98 நாள் பேறுகால விடுப்பு என்பவை மேற்கு மலேசியாவுக்கு 2023 ஜனவரியில் வந்தன. அவர்கள் 2025 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. "சிலாங்கூரில் எழுபது லட்சம் பேருக்கு 22 நாடாளுமன்ற உறுப்பினர், சரவாக்கில் இருபத்தைந்து லட்சம் பேருக்கு 31" என்று நம்மில் சிலர் பொருமுகிறார்கள். சரவாக் நிலப்பரப்பில் சிலாங்கூரைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். ஆற்றில் படகேறிப் போக வேண்டிய ஊர்கள் அங்கே உண்டு. நமக்கு அதில் பொறாமை வேண்டாம். ஆனால் 2022 தேர்தலில் பாங்கியில் மூன்று லட்சம் வாக்காளருக்கு ஒரு பிரதிநிதி, ஈகானில் இருபத்தெட்டாயிரம் பேருக்கு ஒருவர் என்பதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியாது.

இனி, எந்த வாசற்படியை மிதிப்பது என்ற விஷயம். நம்மவர் அதிகம் அலைவது இதில்தான். அரசியல் சட்டப்படி தொழிலாளரும் தொழிற்சங்கமும் கல்வியும் கூட்டரசின் கையில்; நிலம் மாநிலத்தின் கையில். கூலிக்குப் புத்ராஜெயா, லயத்துக்கு அடியில் இருக்கும் மண்ணுக்கு ஷா ஆலம். வருமான வரி முழுவதும் கூட்டரசுக்குப் போகிறது. மாநிலத்துக்கு மிஞ்சுவது நிலவரியும், நிலத்தின் உபயோகத்தை மாற்றும்போது கிடைக்கும் கட்டணமும், காடும் கனிமமும், கூட்டரசு தரும் மானியமும். தோட்டம் வீடமைப்பாக மாறினால் மாநிலக் கஜானாவுக்கு வரவு. பட்டணத்தை ஒட்டிய தோட்டங்கள் ஏன் முதலில் மறைந்தன என்பதற்கு வேறு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

சாலாக் செலாத்தானுக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1974 பிப்ரவரி 1 ஆம் தேதி வரை இந்த ஊர் சிலாங்கூர். அன்று முதல் கூட்டரசுப் பிரதேசம். நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கலாம், சட்டமன்றம் கிடையாது. நகரத் தேர்தல்கள் 1965 இல் நிறுத்தப்பட்டவை நிறுத்தப்பட்டவைதான். மாநகர் மேயர் நியமனம் பெற்று வருகிறவர். கெடாத் தோட்டத்தில் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்டிப் பழகியவர், இங்கே அடுக்கு மாடியில் மின்தூக்கி நின்றுபோனால் தட்டுவதற்குக் கதவு ஒன்று குறைந்திருப்பதைக் காண்கிறார்.

தமிழ்ப் பள்ளிக்கும் இதே இடுக்கண்தான். நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள். ஆள் குறைந்த தோட்டத்தில் ஆசிரியர் இருக்கிறார், பிள்ளை இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பிள்ளை இருக்கிறது, இடம் இல்லை. பள்ளியின் உரிமத்தைப் பெயர்த்துக் கொண்டுவரக் கல்வி அமைச்சு இசைய வேண்டும். நிலம் மாநிலத்திடமிருந்தோ தனியாரிடமிருந்தோ வர வேண்டும். இரண்டு மனுக்களும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். ஒன்று போய் மற்றது தங்கினால் ஆண்டுகள் ஓடிவிடும்.

தோட்டத்தை விட்டு இங்கே வந்தவர்களில் பலருடைய அடையாளக் கார்டில் இன்னும் பழைய லயத்து முகவரியே இருக்கிறது. அந்த லயத்தை இடித்துப் பல்லாண்டு ஆகியிருக்கும். வாக்கு மட்டும் அங்கேயே குடியிருக்கிறது! முதலில் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றுங்கள். அதோடு முடிந்ததென்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். தேர்தல் ஆணையத்திடம் தனியாகத் தொகுதி மாற்றம் கேட்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கார்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். நாங்கள் கிராணிமார் மூவர் கூட்டம் கலையும் வரை உட்கார்ந்திருப்போம்.